நடுத் துளையும் ஓரத்துக் கையும்

போன வாரம் ஸ்டுடியோவிலிருந்து உங்களில் ஒருவர் போன் செய்து, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடிக்க எந்த டிஸ்க் வாங்குவது என்று கேட்டீர்கள். ஒரு நடனப் பள்ளியிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறதாம். பென்டிரைவ் வேண்டாம், அரங்கேற்றத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க அழகான டிவிடிதான் வேண்டும் என்கிறார்களாம். போனில் ஒரு கம்பெனி பெயரைச் சொன்னால் அதை மட்டும் குறித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவீர்கள். அதனால் சொல்லாமல் வைத்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, இந்த ஊர்க் கல்யாண வீடியோக்காரர்களுக்கெல்லாம் டிஸ்க் அச்சடித்துக் கொடுத்தவள் நான். பிரிண்டரைத் துணி சுற்றிப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது. எழுத நேரம் இருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பெட்டியில் பிரிண்டபிள் என்று போட்டிருந்தால் மட்டும் நம்பாதீர்கள். ஒன்றை வெளியே எடுத்துப் பாருங்கள். அச்சடிக்கும் பக்கத்தில் வெள்ளைப் பூச்சு இருக்க வேண்டும். மையைக் குடிப்பது அந்தப் பூச்சுதான். வெள்ளி மாதிரி பளபளக்கும் சாதா டிஸ்க் மையைக் குடிக்காது. எங்கள் பக்கத்து வீட்டு வங்கி அதிகாரி ஒருவர், இதற்கெல்லாம் எதற்கு ஆள் என்று தானே பிரிண்டர் வாங்கி, சாதா டிஸ்க்கில் மகளின் படத்தை அச்சடித்தார். படம் பிரமாதமாக வந்தது. அதை எனக்குக் காட்ட வேட்டி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். வந்து இறங்கியபோது டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. மகள் முழுவதும் அவருடைய வெள்ளை முண்டில் இருந்தாள். நல்ல மனிதர், என்னைவிட அதிகமாக அவர்தான் சிரித்தார்.

அடுத்தது, பூச்சு எதுவரை வருகிறது என்பது. சில டிஸ்க்கில் நடுத் துளையைச் சுற்றி அகலமான வளையம் பூச்சில்லாமல் கிடக்கும். அங்கே படம் விழாது. சிலவற்றில் பூச்சு துளையின் விளிம்புவரை வரும். கடைசியாக, பூச்சு மினுக்கில்லாத மேட்டா, மினுங்கும் கிளாஸியா என்பது. இவ்வளவுதான் பாடம். பிரிண்டரோடு வரும் புத்தகத்திலேயே இது இருக்கிறது. நான் சொல்ல வந்தது புத்தகத்தில் இல்லாதது.

ஆரியசாலையில் ஓர் அண்ணாச்சி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே, நாலு மேசை போட்ட சின்னக் கடை. சுமை தூக்குகிறவர்கள், கடைக் கணக்கர்கள், தமிழ்நாட்டிலிருந்து சரக்கு ஏற்றி வருகிற லாரிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். சாயங்காலம் போடும் அடைக்குத் தனிக் கூட்டம் வரும். அண்ணாச்சிக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் முருகேசன், இளையவன் செல்வம். இருவரும் அப்பாவோடு அடை ஊற்றும் கல்லடியில் நின்று வளர்ந்தவர்கள்.

கடையைப் பெரிதாக்கி, குளிர்சாதனம் வைத்து, குடும்பத்தோடு வந்து சாப்பிடும்படி மாற்ற வேண்டும் என்று முருகேசனுக்கு ஆசை. அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. ஒருநாள் சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே வார்த்தை தடித்துவிட்டது. முருகேசன் கரண்டியை வைத்துவிட்டு இறங்கிப் போனார். பொன்முடிக்குப் போகிற பாதையில் வித்துராவில் ஓர் இடம் பிடித்து, மலைக்குப் போகிறவர்களை நம்பித் தனியாகக் கடை போட்டார். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் பேச்சில்லை.

அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது முருகேசன் வந்தார். தாலி கட்டும் நேரத்துக்கு வந்து, அட்சதை போட்டு, குடும்பப் படத்தில் ஓரமாக நின்றுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிப் போனார் என்று வீடியோ எடுத்த பையன் சொன்னான்.

அந்த விழாவின் டிவிடிதான் எனக்கு வந்த வேலை. ஆடி மாதம் அவர்கள் சொந்த ஊரில் குலதெய்வத்துக்குக் கொடைத் திருவிழா. சொந்தக்காரர் அத்தனை பேரும் அங்கே கூடுவார்கள்; அறுபதாம் கல்யாணத்துக்கு வர முடியாதவர்களுக்கு அங்கே வைத்துக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை வேன் கிளம்புகிறது. செல்வம் வியாழக்கிழமை படத்தோடு வந்தார். டிஸ்க் முகப்பில் குடும்பப் படம் வர வேண்டும், அவ்வளவுதான் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

படத்தைத் திரையில் வைத்தவுடனே எனக்குச் சங்கடம் தெரிந்துவிட்டது. எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நட்டநடுவில் அண்ணாச்சி, பக்கத்தில் அவர் மனைவி பேச்சியம்மாள். செல்வம், அவர் மனைவி, அவர்களுடைய சின்ன மகள். வலது கோடியில், அந்தக் குழந்தையின் தோளில் கையை வைத்தபடி முருகேசன். வரிசை நேராக இருக்கிறது, டிஸ்க் வட்டமாக இருக்கிறது. எல்லாரும் தெரியும்படி வைத்தால் துளை அண்ணாச்சியின் முகத்தில் விழுகிறது. துளைக்கு மேலே வரிசையை ஏற்றினால் வட்டம் குறுகுகிறது. கோடியில் நிற்பவர் வெளியே போய்விடுகிறார். அவரும் உள்ளே வரும்படி படத்தைச் சுருக்கினால் ஒருவர் முகமும் அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சியம்மாளே வந்தார். மழையில் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு வந்தவரை உட்காரவைத்துத் திரையைக் காட்டினேன். சாமிக்கு முன்னால் நின்ற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவரு முகத்துல ஓட்டை விழுந்த தட்டைக் கொடைக்குக் கொண்டுபோய் எல்லாரு கையிலயும் குடுக்கவா? வேண்டாம் தாயி."

டீ குடித்தார். படி இறங்கும்போது திரும்பி, மெதுவாக, "பெரியவன் தெரிவானா?" என்று கேட்டார். பார்க்கிறேன் அம்மா என்றேன்.

அப்புறம் செல்வத்துக்கு போன் செய்தேன். அவர் கடை நெரிசலில் இருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சில் பாதி மலையாளம்.

"அக்கா, அண்ணன் வெட்டுப்பட்டா சாரமில்ல கேட்டோ, பரவால்ல. அப்பாவும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க அடிச்சிருங்க."

ஆர்டர் கொடுத்தவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். உங்கள் வயதில் இருந்திருந்தால் நானும் உடனே அடித்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த அம்மா படியில் நின்று கேட்டது காதில் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போனேன். என்னிடம் கையிருப்பில் இருந்ததெல்லாம் அகல வளையம் உள்ள டிஸ்க். பூச்சு துளைவரை வருகிற டிஸ்க் கிடைத்தால் வரிசையை அவ்வளவு மேலே ஏற்ற வேண்டியிருக்காது, முருகேசன் உள்ளே வந்துவிடுவார் என்பது என் எண்ணம். நாலு கடை ஏறி இறங்கியபின் கிடைத்தது. மேட்டும் இருந்தது, கிளாஸியும் இருந்தது. எந்த முடிவுக்கும் வராமல் இரண்டிலும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாதிரி எடுத்தேன். அண்ணாச்சியின் முகம் தப்பியது. பழைய டிஸ்க்கைவிட வரிசை நன்றாகவே அகன்றது. ஆனாலும் போதவில்லை. முருகேசன் வெளியேதான் நின்றார். குழந்தையின் தோளில் அவர் வைத்திருந்த கை மட்டும் வட்டத்துக்குள் தங்கிவிட்டது. ஆள் இல்லாமல் ஒரு கை. மணிக்கட்டில் நீளமாக ஒரு சூட்டுத் தழும்பு. கணினியில் அந்தக் கையை அழித்துவிடலாம், சின்ன வேலை. சுட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழிக்க மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் அண்ணாச்சியின் கடைக்கே போன் போட்டேன். செல்வம் எடுத்தார். அறுபதாம் கல்யாணம் அவருடையது, அவர் ஒரு தடவை பார்க்காமல் நான் அடிக்கமாட்டேன், காலைக் கூட்டம் ஓய்ந்ததும் வரச் சொல்லுங்கள் என்றேன். செல்வத்துக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னால் போதாதா என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம்தான். வாடிக்கையாளரின் வீட்டு விஷயத்தில் நாம் தலையிடக்கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவரைப் படத்திலிருந்து வெட்டுவதும் தலையிடுவதுதானே? கத்தரி நம் கையில் இருக்கிறது. அதனால் யார் முகத்துக்காக வெட்டுகிறோமோ அவரே வெட்டியதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று நினைத்தேன். வெட்டு என்று அண்ணாச்சியும் சொல்லிவிட்டால் வெட்டத்தான் வேண்டும். அந்தப் பயமும் இருந்தது.

அவர் வந்தார். தோளில் ஈரத் துண்டு, உடம்பில் கடுகு தாளித்த வாசனை. நான் மாதிரி டிஸ்க்கை மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பேத்தியிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது யாரு கை?"

முருகேசனோடது என்றேன்.

"அது தெரியுது. அந்தத் தழும்பு நம்ம கடைக் கல்லுல பட்டது. மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி." டிஸ்க்கைக் கீழே வைக்கவில்லை. "கையை மட்டும் வச்சுக்கிட்டு ஆளை எங்கம்மா விட்டீய?"

உள்ளதைச் சொன்னேன். டிஸ்க் வட்டம், வரிசை நேர். அவரை உள்ளே இழுத்தால் துளை உங்கள் முகத்தில் விழும் என்றேன். செல்வம் சொன்னதை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அப்ப என் முகத்துல விழட்டும்" என்றார்.

அம்மா சம்மதிக்கமாட்டார்கள் என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆமாம், அவ விடமாட்டா என்று ஒத்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, டிஸ்க்கின் துளைக்குள் சுண்டுவிரலை விட்டு மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் டீ போட உள்ளே போய்த் திரும்பி வந்தபோதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்.

"அடைக்கு நடுவுல இப்படித்தான் ஓட்டை போடணும்" என்றார், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாத மாதிரி. "எண்ணெய் விடுறதுக்கு. சின்னவன் போட்டா ஓரமா போயிரும். பெரியவனுக்குச் சரியா நடுவுல விழும்."

நான் அவரைப் பார்த்தேன், அவர் டிஸ்க்கைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியதா, எனக்கு ஒரு கணம் முன்னால் தோன்றியதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்து கேட்டது நான்தான். ஆள் படமே வேண்டாம் அண்ணாச்சி, உங்கள் கடை அடையை மேலேயிருந்து படம் எடுத்துப் போடட்டுமா, துளை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேட நேரம் பிடித்தது. மறுமுனையில் எடுத்ததும், நலம் விசாரிப்பெல்லாம் எதுவும் இல்லை.

"அடை ஊத்தணும். வா" என்றார். வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்த நேரத்துக்கு முருகேசன் வித்துராவிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. வழியெல்லாம் என்னென்ன நினைத்தாரோ. நான் கேமராவோடு கடையில் காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்க்காமல் கை கழுவிவிட்டுக் கல்லடிக்குப் போனார். செல்வம் ஓர் ஓரமாகத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த தட்டையே மறுபடியும்.

மேலேயிருந்து எடுக்க வேண்டும் என்பதால் நான் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றேன். முதல் அடை வட்டமாக வரவில்லை. அடுத்ததை எடுப்பதற்குள் ஆவி வந்து லென்ஸை மூடிவிட்டது. அதற்கடுத்தது கருகியது. ஊற்றிய அடையெல்லாம் வீணாகவில்லை. விஷயம் தெரிந்து வெளியே நின்ற சுமைக்காரர்கள் ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, இது பரவாயில்லையே, இதை எடுக்கக்கூடாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஸ்டூல் ஆடியது. யாரோ வந்து அதைப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தால் செல்வம்.

அண்ணாச்சி அதுவரை கல்லாவில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து மாவுப் பாத்திரத்தில் கரண்டியை விட்டுப் பார்த்தார்.

"மாவு இறுகிப்போச்சு. தண்ணி தொட்டுக்கோ" என்றார்.

"ம்" என்றார் முருகேசன். தண்ணீர் தொட்டுக்கொண்டார்.

அடுத்த அடை முழு நிலவு மாதிரி வந்தது. முருகேசன் கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு குத்து. துளை, அதில் எண்ணெய், அதைச் சுற்றிப் பொன்னிறமாக ஒரு வளையம். செல்வம் துண்டை வீசி ஆவியை விலக்கினார். நான் எடுத்துவிட்டேன். இறங்கியதும் மூன்று பேரும் கேமராவின் சின்னத் திரையில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். நான் கிளம்பும்போது அண்ணாச்சி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி மூத்தவரிடம் சொன்னார்.

"வேன் காலையில வருது. இங்கயே படுத்துக்கோ."

வீட்டுக்கு வந்ததும் அடுத்த முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. மேட் டிஸ்க்கில் ஒன்றும் கிளாஸியில் ஒன்றும் எடுத்துப் பார்த்தேன். கிளாஸியில் நிறம் தூக்கலாக இருந்தது, ஆனால் அடை, பெரிய ஹோட்டல் மெனு அட்டையில் வரும் படம் மாதிரி மினுங்கியது. மேட்டில் அடை அடையாகவே இருந்தது. அந்த வெள்ளைப் பூச்சின் சொரசொரப்பே அரிசியும் பருப்பும் அரைத்த மாவு மாதிரி கைக்குத் தட்டுப்பட்டது. ஆனால் மேட்டுக்கு ஈரம் ஆகாது. கொடையில் பொங்கல் வைத்த கை, சந்தனம் தொட்ட கை, ஆடிச் சாரல் எல்லாம் படும். நான் வாங்கி வந்த கிளாஸி, ஈரம் பட்டாலும் ஓரளவு தாங்கும் ரகம்.

நான் மேட்டையே எடுத்தேன். காரணம் இது. ஈரத்துக்கு வழி உண்டு. நன்றாகக் காயவைத்து, ஒவ்வொன்றையும் கண்ணாடித் தாள் உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம். பொய்யான மினுக்குக்கு வழி கிடையாது, அடித்தது அடித்ததுதான். இரண்டு குறையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், அச்சடித்த பிறகும் உங்களால் சரிசெய்ய முடிகிற குறையைத் தேர்ந்தெடுங்கள். நடனப் பள்ளி ஆர்டருக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். படம் எப்படிப்பட்டது, டிஸ்க் யார் கைக்குப் போகிறது, கெட்டால் எதை நீங்கள் காப்பாற்ற முடியும்? கம்பெனி பெயர் அதற்கப்புறம் தானாகத் தெரிந்துவிடும்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கட்டில், மேசை, அலமாரித் தட்டு எல்லாவற்றிலும் அடை காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் உட்கார இடம் தேடி அலைந்துவிட்டு, பார்க்கப் பார்க்கப் பசிக்கிறது என்று சொல்லிக் கடைக்குப் போய் அடையே வாங்கி வந்தார்.

ஞாயிறு காலை விடிந்தும் விடியாமலும் முருகேசன்தான் வாங்கிக்கொள்ள வந்தார். தெருமுனையில் வேன் நின்றது. நெற்றியில் திருநீறு, தம்பியின் சட்டை போலிருக்கிறது, தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. உறையிலிருந்து ஒன்றை எடுத்து, கை ஈரம் படாமல் ஓரத்தைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வித்துராக் கடையில் மாட்ட ஒன்று தனியாகக் கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தேன். டிஸ்க் கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர் நின்றார்.

"முதல்ல குடும்பப் படம் போடத்தான இருந்தாங்க அக்கா? அதுக்கு மாதிரி எதுவும் எடுத்தீங்களா? ஒரு தடவை பாக்கணும்னு இருக்கு."

"எடுத்தேன் முருகேசா. அந்த டிஸ்க்குல மை பிடிக்கலை. தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் தலையசைத்தார். குடையைக் கட்டின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி வேனுக்கு நடந்தார்.

மாதிரி எடுத்த டிஸ்க்கை வேலை முடிந்ததும் நறுக்கிப் போட்டுவிடுங்கள், வீட்டில் வைத்திருக்காதீர்கள். அந்தக் கை மட்டும் இருந்த டிஸ்க்கை நான் முந்தின நாளே கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கியிருந்தேன். ஆரியசாலையில் தேடி வாங்கியதில் முதல் டிஸ்க் அது. மை நன்றாகத்தான் பிடித்திருந்தது.